இஸ்திரி போட்ட ஏழாம் நம்பர் சட்டை

டெல்ஃபினா சில்வெய்ரா நடந்துபோனால் அந்த மாடியில் பேச்சு நின்றுவிடும். அவள் காபி இயந்திரத்தின் பக்கம் போனால், அங்கே நின்றிருந்தவர்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். லிஃப்டில் ஏறினால் எல்லாரும் போனைப் பார்க்கத் தொடங்குவார்கள். முதல் பத்து நாள் தன் மேல் ஏதோ வாடை அடிக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். வீட்டில் சோப்பைக்கூட மாற்றிப் பார்த்தாள்.

கடைசியில் காரணத்தைச் சொன்னது பக்கத்து மேசைப் பெண் துய்.

"அக்கா, உங்க சட்டைதான் பிரச்சனை."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கிறதுதான் பிரச்சனை. இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் கால்சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. இந்தக் கட்டடத்துல அப்படி வர்றது ரெண்டே பேருதான். ஒண்ணு வக்கீலு, இன்னொண்ணு எச்.ஆர். ரெண்டு பேருல யாரு வந்தாலும் எவனோ ஒருத்தன் சீட்டு கிழியப்போவுதுன்னு அர்த்தம். போன மார்ச்சுல நாப்பது பேர அனுப்பினாங்களே, அன்னிக்குக் காலையில ஆறு பேரு கோட்டு போட்டுக்கிட்டு வந்தாங்க. அதுலேருந்து காலர் வச்ச சட்டையப் பாத்தாலே இவனுங்களுக்கு வயித்தக் கலக்குது."

துய்யின் பெற்றோர் வியட்நாமிலிருந்து வந்தவர்கள். அவள் சான் ஹோசேயிலேயே பிறந்தவள். வயது இருபத்தொன்பது. தன்னைவிட மூத்த பெண் யாராக இருந்தாலும் அவளுக்கு அக்காதான். அவளும் டெல்ஃபினாவைப் போலவே காண்டிராக்ட் ஆள். மார்ஷ்லைட் கம்பெனி வீட்டுக் கதவுகளுக்குப் பூட்டு செய்கிறது. செல்போன் வழியாகத் திறக்கிற, மூடுகிற பூட்டு. அந்தப் பூட்டுகள் சொன்னபடி கேட்கின்றனவா என்று நாள் முழுக்கச் சோதித்துப் பார்ப்பதுதான் அந்த மூலையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரின் வேலை. கம்பெனி ஆட்களுக்கு வெள்ளை பேட்ஜ். இந்த எட்டுப் பேருக்கும் மஞ்சள். மஞ்சள் பேட்ஜ்காரர்கள் கேன்டீனில் சாப்பிடலாம். ஆனால் கம்பெனி கொடுக்கும் சட்டை, பை, குடை எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது. 'நிறுவன ஊழியர் என்று பிறர் நினைக்கும்படி நடந்துகொள்ளக் கூடாது' என்று சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். டெல்ஃபினா அந்தத் தாளை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

இருபத்திரண்டு வருஷம் அவள் வங்கியில் இருந்தவள். அங்கே ஆளைப் படிப்பது சுலபம். உள்ளே வருகிறவரின் காலணியைப் பார்த்தால் போதும், பணம் போட வந்தவரா கடன் கேட்க வந்தவரா என்று தெரிந்துவிடும். அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். இங்கே வந்த பிறகு அவளுக்கு யாரையும் படிக்கத் தெரியவில்லை. வெறுங்காலோடு நடந்துபோனவர் அவளுடைய பிரிவுக்குத் தலைவர். குளியலறைச் செருப்போடு திரிந்தவர் கணக்குப் பிரிவின் மேலாளர். ஒழுங்காகத் தலை சீவி, பெல்ட் கட்டி வந்த ஒரே ஆளுக்கு அவள் வணக்கம் சொன்னாள். அவர் காபி இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவர்.

"இங்க ஆள எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள்.

"எவ்வளவு பழைய சட்டையோ அவ்வளவு பெரிய ஆளு," என்றாள் துய். "புதுச் சட்டை போட்டவன் புதுசா சேந்தவன். சாயம் போயி, கழுத்து தொங்கி, எழுத்து உதுந்து போயிருந்தா அவன் ஆரம்பத்துலேருந்து இருக்கிறவன். அவன்கிட்ட வாயக் குடுக்காதீங்க."

"சரி. வேலைய விட்டு அனுப்பினா யாரு வந்து சொல்லுவாங்க?"

துய் சிரித்தாள். "இங்க யாரும் வாயால சொல்லமாட்டாங்கக்கா. கதவு சொல்லும். ஒரு நாள் காலையில பேட்ஜ வப்பீங்க, செவப்பு எரியும். அவ்வளவுதான். உங்க சாமானெல்லாம் அட்டைப் பெட்டியில தபால்ல வரும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பேட்ஜை வைக்கும்போது டெல்ஃபினா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பச்சை எரிந்த பிறகுதான் விட்டாள்.

இந்தப் பயம் அவளுக்காக மட்டும் இல்லை. அவள் கணவன் அடெலினோ ரொட்டிக்கடை வண்டி ஓட்டுகிறான். விடியும் முன்னே கிளம்பி, சான் ஹோசேயிலும் சாண்டா கிளாராவிலும் உள்ள போர்த்துகீசியக் கடைகளுக்கு இனிப்பு ரொட்டி கொண்டுபோய் இறக்குவான். சர்க்கரை வியாதி அவனுடைய இடது கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. கண்ணுக்குள் புகை மாதிரி ஏதோ மிதக்கிறது என்று ஜூலையில் சொன்னான். செப்டம்பரில் புகை என்று சொல்வதை நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்கு அதிகப் பயம். சிகிச்சை இருக்கிறது, தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வங்கி வேலையோடு காப்பீடும் போயிற்று. அவளைக் காண்டிராக்டில் இங்கே அனுப்பிய ஏஜென்சியின் காப்பீடு தொண்ணூறு நாள் வேலை பார்த்த பிறகுதான் தொடங்கும். தொண்ணூற்றோராம் நாளுக்குக் கண் மருத்துவமனையில் நேரம் வாங்கி வைத்திருந்தாள். அதுவரை எந்தத் தப்பும் செய்யாமல், யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

"இன்னும் எத்தன நாளு?" என்று அடெலினோ கேட்பான்.

"இருபத்திரண்டு."

"அதுவரைக்கும் ஒத்தக் கண்ணால ஓட்டிருவேன். கடற்கொள்ளைக்காரன் கப்பலே ஓட்டினான்."

அவள் சிரிக்கவில்லை. வண்டியின் இடது பக்கக் கதவில் புதிதாக ஒரு நீளமான கீறல் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கண்ணில் படாமல் இருக்க வேண்டுமானால் சட்டையை மாற்ற வேண்டும். அறுபத்தெட்டாம் நாள், சனிக்கிழமை, எல் கமினோ சாலையில் தானமாக வந்த துணிகளை விற்கும் கடைக்குப் போனாள். சாயம் போன டி-ஷர்ட்டாகத் தேடினாள். அப்போதுதான் வந்து பிரித்து வைத்திருந்த ஒரு பெட்டியில் சாம்பல் நிறச் சட்டை ஒன்று கிடைத்தது. கழுத்து தொங்கியிருந்தது. முன்னால் ஒரு தவளை, அதன் கையில் ஒரு சாவி. முதுகில் பெரிதாக ஏழு. எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. அதனால்தான் எடுத்தாள். ஏதோ பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டை என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு முறை துவைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில், இருபத்திரண்டு வருஷப் பழக்கம் விடாமல், நெஞ்சின் நடுவில் மடிப்பு விழும்படி இஸ்திரி போட்டு அணிந்துகொண்டாள்.

அது எழுபத்தோராம் நாள்.

கேன்டீனில் அவள் சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒருவன் வந்து நின்றான். ஏம்ஸ் விட்லோ. அதே வெறுங்கால் தலைவன். முப்பத்தோரு வயது. எழுபது நாளில் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அவள் முதுகைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவன் முகமே மாறியிருந்தது.

"ஏழு," என்றான் மெதுவாக.

டெல்ஃபினா கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்களா சொல்லிக்க மாட்டீங்கன்னு தெரியும். அந்தக் காலத்து ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். அஞ்சு நிமிஷம் எங்ககூட வர முடியுமா? வர்ற திங்கக்கிழமை புதுப் பூட்ட வெளிய விடுறோம். நீங்க ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

தலைவன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். கண்ணாடி அறைக்குள் வெள்ளை பேட்ஜ்காரர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏம்ஸ் கதவைச் சாத்தினான்.

"எல்லாரும் கேளுங்க. இந்தக் கம்பெனிக்குப் பேரு வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு சலவைக் கடைக்கு மேல ஒன்பது பேரு உக்காந்து முதல் பூட்டச் செஞ்சாங்க. அந்த ஒன்பது பேருக்கு மட்டும் ஒன்பது சட்டை அடிச்சாங்க. அதப் படத்துலதான் பாத்திருக்கோம். இவங்க ஏழாவது ஆளு."

எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள்.

டெல்ஃபினாவின் இடுப்பில் மஞ்சள் பேட்ஜ் தொங்கிக்கொண்டிருந்தது. 'இல்லை, இது கடையில் வாங்கியது' என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது சுவரில் இருந்த திரை கண்ணில் பட்டது. திங்கட்கிழமை வெளியாகப் போகும் பூட்டின் படம். அந்தப் பூட்டில் ஒரு பிழை இருந்தது. அவளே கண்டுபிடித்த பிழை. அதைப் பற்றி மூன்று முறை எழுதி அனுப்பியிருந்தாள். மூன்று முறையும் 'எங்களுக்கு அப்படி வரவில்லை' என்ற ஒரே வரியோடு மூடிவிட்டார்கள்.

அவள் கை சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து பேட்ஜை மூடியது. கை தானாகச் செய்தது என்று பிறகு அடெலினோவிடம் சொன்னாள். அது பொய் என்று அவளுக்கே தெரியும்.

"கோடைக்கால நேரம் முடிஞ்சு நவம்பர்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளுறோம் இல்லையா," என்று தொடங்கினாள். "ஒருத்தர் வீட்டுல பொண்ணு ராத்திரி வேல முடிஞ்சு வர்றா. ஒரு மணியிலேருந்து ஒன்றரை வரைக்கும் கதவு திறந்திருக்கணும், அப்புறம் பூட்டிக்கணும்னு போன்ல சொல்லி வச்சிருக்காங்க. ஒன்றரைக்குப் பூட்டிக்குது. சரி. ரெண்டு மணிக்குக் கடிகாரம் திரும்ப ஒரு மணிக்குப் போகுது. பூட்டு என்ன நினைக்குது? ஒரு மணி ஆச்சுன்னு நினைச்சுத் திரும்பத் திறந்துக்குது. வீட்டுல எல்லாரும் தூங்குறாங்க. அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்குது."



"நாங்க சோதிச்சோமே," என்றான் ஒருவன்.

"நீங்க சோதிச்சப்போ பூட்டு போனோட நேரத்தப் பாத்துத் தன்னத் திருத்திக்கிச்சு. போன அணைச்சு வச்சிட்டு, பூட்டோட கடிகாரத்தக் கையால தள்ளிப் பாருங்க."

அங்கேயே பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் மேசை மேல் இருந்த பூட்டு 'டக்' என்று தானாகத் திறந்துகொண்டது. ஏம்ஸ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். திங்கட்கிழமை வெளியீடு நிறுத்தப்பட்டது.

"நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மூலைக்குத் திரும்பி வந்து துய்யிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, கையெழுத்துப் போட்ட தாளு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"உண்மையான ஏழு யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. சண்ட போட்டுக்கிட்டு ஆரம்பத்துலயே போயிட்டாராம். ஆனா முதலாம் நம்பருக்குத் தெரியும். மார்லிஸ்." துய் குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனிய ஆரம்பிச்சவங்க. மாசக் கணக்கா இந்தப் பக்கமே வரல. ஏம்ஸ் இப்பவே அவங்களுக்கு எழுதியிருப்பான், பாருங்க."

எழுதித்தான் இருந்தான். மாலைக்குள் எல்லாருக்கும் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மார்லிஸ் ஆகார்ட் நேரில் வருகிறார்.

அன்று அடெலினோ முட்டைக்கோஸ் சூப் வைத்திருந்தான். அவள் கரண்டியைத் தொடவில்லை.

"நாளைக்கே போயி உண்மையச் சொல்லிரு," என்றான்.

"சொன்னா அன்னிக்கே செவப்பு எரியும். அப்புறம் உன் கண்ணு?"

"எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

"விளையாடாத லீனோ. அந்தக் கீறல் எங்க விழுந்துச்சு?"

அவன் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் சொன்னான். "பள்ளிக்கூடத்துப் பக்கம். ஒரு கம்பம். கம்பம்தான், டெல்ஃபி. ஆளு இல்ல."

உண்மையைச் சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். சொன்னால் அவன் இன்னும் எத்தனை மாதம் அந்தக் கண்ணோடு ஓட்டுவானோ. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஊர் கூடி நிற்கும்போது மாட்டிக்கொள்வாள்.

புதனும் வியாழனும் அவள் வேறு சட்டை போட்டுக்கொண்டு போனாள். அதனால் ஒன்றும் மாறவில்லை. லிஃப்டில் எல்லாரும் அவளுக்கு வழி விட்டார்கள். ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஒருத்தி சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். டெல்ஃபினா பேட்ஜைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடந்தாள். அந்தப் பக்கம் செக்யூரிட்டிக்காரர் வந்தால் திரும்பி வேறு வழியில் போனாள். முன்பு அவளைக் கண்டு எல்லாரும் பயந்தார்கள். இப்போது அவள் எல்லாரையும் கண்டு பயந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அலமாரி முன் வெகுநேரம் நின்றாள். பிறகு வங்கிக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையையே எடுத்து அணிந்தாள். பாலிஷ் போட்ட ஷூ. மஞ்சள் பேட்ஜை எல்லார் கண்ணிலும் படும்படி நெஞ்சில் குத்திக்கொண்டாள். தவளைச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் காகிதப் பையில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதே கண்ணாடி அறை. உள்ளே ஏம்ஸ் நின்றிருந்தான். தரையில், சுவரில் சாய்ந்தபடி, அறுபது வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கம்பளிக் காலுறை மேல் செருப்பு, முழங்காலில் தோட்டத்து மண். வெளியே கதவோரம் செக்யூரிட்டிக்காரர். டெல்ஃபினா அவர் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கியையே பார்த்தாள்.

"உக்காருங்க," என்றார் மார்லிஸ். "நீங்க யாரு?"

ஏம்ஸின் கண் மஞ்சள் பேட்ஜில் நின்றுவிட்டது.

"டெல்ஃபினா சில்வெய்ரா. காண்டிராக்ட். சோதனைப் பிரிவு." வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதனால் நிற்காமல் சொன்னாள். "சட்டைய போன சனிக்கிழமை பழைய துணிக் கடையில வாங்கினேன். அது உங்களோடதுன்னு தெரியாது. இதோ, கொண்டு வந்திருக்கேன்."

"எங்கள ஏமாத்திட்டாங்க," என்றான் ஏம்ஸ். அவன் கழுத்து சிவந்துவிட்டது. "ஏழாவது ஆளுன்னு சொல்லி உள்ள வந்து..."

"அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லல. ஆனா..."

"சட்டை சொல்லிச்சாக்கும்."

அங்கேயே விட்டிருந்தால் டெல்ஃபினா தப்பித்திருப்பாள். அது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் வங்கியில் இருபத்திரண்டு வருஷம் ஒரு நாள்கூடக் கணக்கை மூடாமல் வீட்டுக்குப் போனதில்லை அவள்.

"நான் பேட்ஜ மறைச்சேன்," என்றாள். "தெரிஞ்சேதான் மறைச்சேன். அந்தப் பூட்டப் பத்தி மூணு தடவ எழுதினேன். யாரும் படிக்கல. அன்னிக்கு எல்லாரும் எம்மூஞ்சியப் பாத்தாங்க. அதான் சொல்லிட்டேன்."

மார்லிஸ் ஏம்ஸைப் பார்த்தார். அவன் போனை எடுத்துத் தேடினான். வெகுநேரம் தேடினான். மூன்றாவது புகாரை மூடியவரின் பெயர் திரையில் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவன் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டான்.

"யாரு மூடினது?" என்று மார்லிஸ் கேட்டார்.

"நாந்தான்."

அதற்கு மேல் அவர் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. காகிதப் பையிலிருந்து சட்டையை எடுத்து மடியில் விரித்தார். நெஞ்சின் நடுவே இருந்த மடிப்பின் மேல் விரலை ஓட்டினார்.

"இஸ்திரி போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஏழு வெண்டலோட நம்பரு. அவன் உயிரோட இருந்தவரைக்கும் இஸ்திரிப் பெட்டியத் தொட்டதில்ல. ஜூன்ல போயிட்டான். அடக்கத்துக்கு நான் போகல. சண்ட, உங்களுக்குத் தெரியாது, பத்தொன்பது வருஷத்துச் சண்ட." சட்டையை இரண்டு கையாலும் கசக்கினார். மடிப்பு கலையும்வரை கசக்கினார். பிறகு முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"மூணு தடவ துவைச்சிட்டேன்," என்றாள் டெல்ஃபினா. அவளுக்கு அழுகை வந்தது. "மன்னிச்சிருங்க. சோப்பு வாசனைதான் இருக்கும்."

"வேற என்ன இருந்துச்சு அங்க?"

"ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு. பச்ச ஸ்வெட்டர் ஒண்ணு. முழங்கை கிழிஞ்சது. கோடு போட்ட குல்லா."

மார்லிஸ் எழுந்துவிட்டார். "எந்தக் கடை?"

டெல்ஃபினா வழி சொன்னாள். அவர் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பு சரசரக்க வெளியே போனார். கூட்டத்துக்குக்கூட நிற்கவில்லை. அவளை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏம்ஸும் சொல்லவில்லை. செக்யூரிட்டிக்காரர் மட்டும் அவளுக்குக் கதவைத் திறந்து பிடித்தார். அது மரியாதையா, வெளியேற்றமா என்று அவளுக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் போனில் செய்தி விட்டிருந்தாள். 'திங்கட்கிழமை பேச வேண்டும்.' வேறு ஒன்றும் இல்லை. டெல்ஃபினா அதைப் பதினோரு முறை போட்டுக் கேட்டாள். குரலில் கோபம் இருக்கிறதா என்று அடெலினோவையும் கேட்கச் சொன்னாள்.

"குரல்ல ஒண்ணுமே இல்ல," என்றான் அவன். "ரொட்டி வேணுமான்னு கேக்குற மாதிரி இருக்கு."

அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. வங்கியில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோதும் இதே குரலில்தான் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இயேசுவின் ஐந்து காயங்களின் பேரில் உள்ள போர்த்துகீசியத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். கண்ணுக்கு ஒன்று. கதவுக்கு ஒன்று.

திங்கட்கிழமை, எழுபத்தேழாம் நாள். கட்டடத்து வாசலில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். சிவப்பு எரிந்தால் யாரும் பார்க்கக் கூடாது என்ற எண்ணம். ஆனால் பின்னால் துய் ஓடிவந்தாள்.

"வைங்கக்கா."

"நீ முதல்ல போ."

"நான் போனா கதவு திறந்திருக்கும், நீங்க அப்படியே நுழைஞ்சிருவீங்க. அப்புறம் தெரியாமலே போயிரும். வைங்க."

டெல்ஃபினா வைத்தாள். ஒன்றும் எரியவில்லை. அந்த நொடி எவ்வளவு நீளமாக இருந்தது என்றால், பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கம்பமும், கம்பம் இல்லாமல் ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதும், அவன் சொல்லாமல் விட்ட மற்றக் கீறல்களும், எல்லாமே அவள் கண் முன்னால் வந்து போயின.

"பைக்குள்ள வச்சுக்கிட்டு அமுக்குனா எப்படி? வெளிய எடுங்க!" என்று கத்தினாள் துய்.

பதற்றத்தில் அவள் பேட்ஜ் உள்ளே கிடந்த கைப்பையை வைத்தே அமுக்கிக்கொண்டிருந்தாள். பேட்ஜை வெளியே எடுத்து மறுபடி வைத்தாள்.

பச்சை.

அவள் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துய் அவள் முதுகைத் தட்டினாள். "மூச்ச விடுங்கக்கா. விடுங்க. போதும்."

ஏஜென்சிப் பெண் பத்து மணிக்குக் கூப்பிட்டாள். எழுத்தில் ஓர் எச்சரிக்கை. இன்னொரு முறை இப்படி நடந்தால் அன்றோடு சரி. டெல்ஃபினா 'சரி, சரி' என்று ஏழெட்டு முறை சொன்னாள். மூடிக்கிடந்த அவளுடைய மூன்றாவது புகார் அன்று மறுபடி திறந்திருந்தது. அடியில் ஏம்ஸ் எழுதியிருந்தான்: 'தவறு என்னுடையது.' அதற்குப் பிறகு அவன் அவள் பக்கம் வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு போனான். அவன் இப்போது காலில் செருப்பு போட்டிருந்தான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றவர்கள் பழையபடி காபி இயந்திரத்தை விட்டு நகர்ந்தார்கள். அவள் பழையபடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். நவம்பரின் முதல் ஞாயிறு கடிகாரங்கள் பின்னால் போயின. அன்று அவள் தன் வீட்டுக் கதவை மூன்று முறை எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தாள்.

ஒவ்வொரு காலையும் மூச்சைப் பிடித்தாள். ஒவ்வொரு காலையும் பச்சை எரிந்தது. எண்பத்தொன்று, எண்பத்தைந்து, எண்பத்தெட்டு.

தொண்ணூற்றோராம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அடெலினோவோடு கண் மருத்துவமனைக்குப் போனாள். வண்டியை அவள்தான் ஓட்டினாள். சின்ன அறை ஒன்றில் உட்காரவைத்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். அரைக்கால் சட்டை, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் ஷூ, கழுத்து தொங்கிய பழைய டி-ஷர்ட். நாற்காலியை இழுத்துப் போட்டு அடெலினோவின் முன்னால் உட்கார்ந்தார்.

"எங்க, தாடைய இங்க வைங்க," என்றார்.

டெல்ஃபினா அவரை மேலும் கீழும் பார்த்தாள். இவர் டாக்டரா? உதவியாளரா? விளக்கு மாற்ற வந்தவரா? பேட்ஜ் எங்கே என்று அவள் கண் தானாகவே தேடியது. இடுப்பில் இல்லை. நெஞ்சிலும் இல்லை.

"யாருன்னு கேளு," என்று அடெலினோ உதடு அசையாமல் முணுமுணுத்தான். "காபி மெஷின் பாக்குறவராட்டம் இருக்காரு."

அவள் கேட்கவில்லை. அந்த மனிதர் அடெலினோவின் இமையை விரலால் தூக்கினார். ஒளியைக் கண்ணுக்குள் மெல்ல நகர்த்தினார். அவள் சட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். அது கொஞ்சமும் ஆடவில்லை.

"சரியான நேரத்துலதான் வந்திருக்கீங்க," என்றார் அவர்.

அப்போதுதான் டெல்ஃபினா மூச்சை விட்டாள்.